"சேவை செய்ய வருகிறேன்" என்று எழுதாதீர்கள்: மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்பில் சட்ட இன்டர்ன்ஷிப்

ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் ஜூனியர் யாராவது ஒருவர் மெசேஜ் போடுவார். "அக்கா, டிஸெபிலிட்டி ரைட்ஸ் பக்கம் இன்டர்ன்ஷிப் போகலாம்னு இருக்கேன், எப்படி அப்ளை பண்றது?" அப்ளை பண்ணுவதில் ஒன்றும் இல்லை, ஒரு மெயில். போய் உட்கார்ந்த முதல் வாரத்தில் உருப்படியாக ஏதாவது செய்ய வருகிறதா என்பதுதான் பாடு. நான் மூன்றாம் வருஷத்தில் சென்னையில் ஒரு சின்ன அமைப்பில் நாலு வாரம் இருந்தேன். வக்கீலான பிறகும் ஆள் குறைவென்று கூப்பிட்டால் போய் வருகிறேன். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே மொத்தமாகக் கொட்டிவிடுகிறேன்.

முதலில் வாரக் கணக்கு. பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி ஐந்து வருஷப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூன்று வருஷப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும், ஒரு வருஷத்தில் தொடர்ந்து நாலு வாரத்துக்கு மேல் கூடாது. தொண்டு அமைப்பில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் இந்த வேலைக்கு நாலு வாரம் போதாது, ஒரு மனு போட்டுப் பதில் வருவதற்குள்ளேயே உங்கள் காலம் முடிந்துவிடும். எனவே சேரும்போதே, "முடிந்த பிறகு வாரத்தில் ஒரு நாள் வந்து போகலாமா?" என்று கேட்டு வையுங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை.

எங்கே போவது? ஹ்யூமன் ரைட்ஸ் லா நெட்வொர்க் மாற்றுத்திறனாளிகள் வழக்குகளை நீண்ட காலமாக நடத்துகிறது. சென்னையில் வித்யாசாகர், ஈக்வல்ஸ் இரண்டும் இந்தச் சட்டத்தில் ஊறிய இடங்கள். ஆய்வுப் பக்கம் ஆர்வம் என்றால் ஹைதராபாத் நல்சாரில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. பெயரில் "சட்டம்" இருந்தால்தான் சட்ட வேலை என்று நினைக்காதீர்கள். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் போன்ற சங்கங்களில் வந்து குவியும் மனுக்களுக்குக் கணக்கே இல்லை, அங்கே ஒரு மாதம் உட்கார்ந்தால் கல்லூரியில் ஒரு வருஷம் படித்ததைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் விட்டுவிட வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, இது வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. உதவித்தொகை? பெரும்பாலும் கிடையாது, பஸ் செலவு கொடுத்தாலே பெரிது. கேட்க வெட்கப்பட வேண்டாம், ஆனால் சேருமுன் கேளுங்கள்.

மெயில்

என் மெயிலில் நான் எழுதியிருந்த முதல் வரி இன்னும் மனப்பாடம்: "சமுதாயத்தில் பின்தங்கிய இந்த மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்." போன முதல் நாள் அங்கிருந்த சீனியர் வக்கீல் என்னை எதிரே உட்கார வைத்தார். அவருக்குப் பார்வை கிடையாது, போனில் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர் என் மெயிலை நமக்குப் புரியாத வேகத்தில் கடகடவென்று படித்து முடித்தது. அவர் சிரித்தார். "யாருக்குச் சேவை செய்யப் போறே? முதல்ல எனக்குச் செய். பெஞ்ச்மார்க் டிஸெபிலிட்டின்னா என்னன்னு சொல்லு." எனக்குத் தெரியவில்லை. காபி வாங்கிக் கொடுத்து, பேர் ஆக்டை, அதாவது விளக்கவுரை இல்லாத சட்டப் புத்தகத்தை, கையில் கொடுத்து, மத்தியானம் வரை படிக்கச் சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே சட்டம் தெரிந்தவரும் மாற்றுத்திறனாளிதான், வழக்கோடு வரும் கட்சிக்காரரும் மாற்றுத்திறனாளிதான். ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது நான்தான். இதைப் புரிந்துகொண்டு எழுதினால் மெயில் தானாகச் சரியாக வரும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வருஷம் படிக்கிறீர்கள், தமிழில் தட்டச்சு வருமா, வேறு என்ன மொழி தெரியும், இந்தச் சட்டத்தில் எதைப் படித்திருக்கிறீர்கள், எதில் சந்தேகம். பத்து வரி போதும். தமிழ் டைப்பிங் தெரியும் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், அதற்கு இருக்கும் மதிப்பு மூட் கோர்ட் என்ற மாதிரி நீதிமன்றப் போட்டிக் கோப்பைக்கு இல்லை. மே மாதமும் டிசம்பரும் கூட்டம் அதிகம், இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே அனுப்புங்கள். உங்கள் சிவியை ஸ்கேன் செய்த படமாக அனுப்பாதீர்கள், ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெற்றுத் தாள்.

நீங்களே மாற்றுத்திறனாளி என்றால் உங்களுக்கு என்ன வசதி வேண்டும் என்பதை முதல் மெயிலிலேயே எழுதிவிடலாம். ஆபீஸ் எந்த மாடி, லிப்ட் உண்டா, சைகை மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்ய முடியுமா, வீட்டிலிருந்து சில நாள் வேலை பார்க்கலாமா. மற்ற ஆபீஸ்களில் இதைக் கேட்கத் தயங்குவோம். ஆனால் இதைக் கேட்டதற்காக ஒரு உரிமை அமைப்பு முகம் சுளித்தால், அங்கே போகாமல் இருப்பதே நல்லது.

போகுமுன் என்ன படிப்பது

2016-ஆம் வருஷச் சட்டம், அதாவது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 102 பிரிவுகள். எல்லாவற்றையும் நெட்டுரு போட வேண்டாம். 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தலசீமியா, பார்க்கின்சன், அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் இதில் வருகிறார்கள். பட்டியலைப் படித்தாலே நம் தலையில் "மாற்றுத்திறனாளி" என்றதும் வரும் சக்கர நாற்காலிப் படம் கொஞ்சம் கலையும். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று பெற்றவர்தான் பெஞ்ச்மார்க், அன்றைக்கு என்னிடம் கேட்டது இதுதான். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத ஒதுக்கீடு எல்லாம் இவர்களுக்கே. ஆனால் பாகுபாடு காட்டக்கூடாது என்ற 3-ஆம் பிரிவுக்கு இந்த 40 கணக்குக் கிடையாது, எல்லோருக்கும் பொது. இந்த வித்தியாசம் புரியாமல் பெரிய பெரிய அதிகாரிகளே கடிதம் எழுதுகிறார்கள்.

பிரிவு 2, 3, 20, 34, 56 முதல் 59 வரை, 79 முதல் 83 வரை, 92. இவற்றைப் படித்துவிட்டுப் போனால் போதும், மற்றது அங்கே ஒட்டிக்கொள்ளும். 20(4)-ஐ மட்டும் இரண்டு தடவை படியுங்கள். வேலையில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு வந்தால் அரசு நிறுவனம் அவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. விபத்தில் காலை இழந்த டிரைவர், பார்வை மங்கிய கிளார்க் என்று இதை வைத்து வருகிறவர்கள் நிறையப் பேர்.

தீர்ப்புகளில் இரண்டை ஜோடியாகப் படியுங்கள். தமிழ்நாட்டு சிவில் நீதிபதி தேர்வில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 40 முதல் 50 சதவீதம் வரைதான் அனுமதி என்ற வரம்பை 2019-இல் வி. சுரேந்திர மோகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரியென்றது. இரண்டே வருஷம், 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கு வந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் சிக்கல் உள்ளவர் அவர், பெஞ்ச்மார்க் இல்லை என்று சொல்லி யுபிஎஸ்சி அவருக்கு ஸ்க்ரைப், அதாவது சொல்லச் சொல்ல விடை எழுதித் தரும் ஆள், மறுத்திருந்தது. ஸ்க்ரைப் பெற 40 சதவீதம் தேவையில்லை என்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னதோடு, ரீசனபிள் அகாமடேஷன், அதாவது ஒருவரின் தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்து தருவது என்ற கருத்தையே எடுத்துப் பார்க்காத சுரேந்திர மோகன் தீர்ப்பை இனி முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்றும் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில், பார்வையற்றவர்கள் நீதிபதி பணிக்கு விண்ணப்பிக்கத் தடையாக இருந்த மத்தியப் பிரதேச விதியை உச்ச நீதிமன்றம் ரத்தே செய்தது. ஆறு வருஷத்தில் சட்டம் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று இந்த மூன்றையும் வரிசையாகப் படித்தால் தெரியும். பழைய தீர்ப்பை இன்னும் யாராவது எதிர்த்தரப்பில் நீட்டுவார்கள், அப்போது உங்கள் கையில் பதில் இருக்கும்.

போன பிறகு: எழுத்துரு என்ற எமன்

என் முதல் பெரிய சொதப்பல் சட்டத்தில் இல்லை, ஃபான்ட்டில். ஒரு மனுவைத் தமிழில் அடித்துத் தரச் சொன்னார் சீனியர். டைப்பிங் சென்டரில் கற்ற கை, வானவில் எழுத்துருவில் மூன்று பக்கம் அழகாக அடித்து மெயில் போட்டுவிட்டுப் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் கம்ப்யூட்டரில் திறந்தார். என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் படிக்க ஆரம்பித்தது. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஏதோ பேய் ஓட்டுவதுபோல ஒரு சத்தம். அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், எனக்குக் காது சிவந்துபோயிற்று. அந்த மாதிரிப் பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் வேஷம். கண்ணால் பார்ப்பவருக்குத் தமிழ், ஸ்க்ரீன் ரீடருக்குக் குப்பை. யூனிகோடில் அடித்தால்தான் அது படிக்கும். அன்று ராத்திரி மூன்று பக்கத்தையும் திரும்ப அடித்தேன்.

இதனால் சொல்கிறேன், போகும் முந்தின வாரம் என்விடிஏவை இறக்கி உங்கள் கம்ப்யூட்டரில் போடுங்கள், இலவசம்தான். மானிட்டரை அணைத்துவிட்டு நீங்கள் அடித்த ஒரு மனுவைக் கேட்டுப் பாருங்கள். தலைப்பை வெறுமனே எழுத்தைத் தடிமனாக்கிக் காட்டாமல் வேர்டில் ஹெடிங் ஸ்டைல் போட்டால் ஸ்க்ரீன் ரீடரில் படிப்பவர் ஒரு பட்டனில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவார். இணைப்புகளை ஸ்கேன் செய்தால், படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் செய்து, என்ன ஆவணம், என்ன தேதி என்று ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். "ஸ்கேன்0047" என்று பெயர் வைத்த பிடிஎஃப் பத்து வந்தால் அவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

கட்சிக்காரரிடம் கேட்பது

வேலையில் கஷ்டமான பகுதி இதுதான், இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பெருமூளை வாதம் உள்ள ஒரு பையன், கல்லூரி மாணவன், அம்மாவோடு வந்தான். தேர்வில் கூடுதல் நேரம் தர கல்லூரி மறுத்துவிட்டது. நான் நோட்டைத் திறந்தேன். அம்மா ஆரம்பித்துவிட்டார்: "அவனுக்குச் சரியாப் பேச வராதுங்க, நான் சொல்றேன்." சொன்னார், அழுதார், நானும் கலங்கிப் போய் இரண்டு பக்கம் எழுதினேன். பிரின்சிபால் மீது நடவடிக்கை, நஷ்ட ஈடு, ஸ்க்ரைப், கூடுதல் நேரம் என்று கோரிக்கை நாலு. சீனியரிடம் படித்துக் காட்டினேன். "சரி, இதில அவன் என்ன கேட்கிறான்?" என்றார். நான் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மறுபடி உட்கார்ந்தோம். அம்மாவை வெளியே டீ சாப்பிட அனுப்பினோம், அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை, இருபது வருஷமாக அவர்தான் எல்லா ஆபீஸிலும் பேசியிருக்கிறார். அவன் பேச நேரம் எடுத்தது. ஒரு வாக்கியத்துக்கு அரை நிமிஷம். எனக்கு வாய் துறுதுறுத்தது, அவன் பாதி சொன்னதை நான் முடித்து வைக்கத் தோன்றியது, முடிக்கவும் செய்தேன், இரண்டு தடவை தப்பாக. அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். புரியாததை "இன்னொரு தடவை சொல்லுப்பா" என்று கேட்டேன், புரிந்த மாதிரித் தலையாட்டவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனது. அவனுக்கு நஷ்ட ஈடு வேண்டாம், பிரின்சிபால் யாரென்று கவலையில்லை. ஸ்க்ரைப் வேண்டவே வேண்டாம்: "அவங்க ஃபார்முலாவைத் தப்பா எழுதுறாங்க, நானே டைப் பண்ணணும்." ஒரு கீபோர்டு, ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷம் கூடுதல். அவ்வளவுதான். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் அந்த 20 நிமிஷம் குறைந்தபட்சம் என்று எழுதியே இருந்தது. நான் முதலில் எழுதிய மனு போயிருந்தால் அவனுக்கு ஸ்க்ரைப் கிடைத்திருக்கும், அவன் கேட்டது கிடைத்திருக்காது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. காது கேளாதவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்தால் கட்சிக்காரரைப் பார்த்துப் பேசுங்கள், "அவர்கிட்ட கேளுங்க" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லாதீர்கள். 2023 செப்டம்பரில் காது கேளாத வக்கீல் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு ஆஜரானார், கோர்ட்டே பழகிக்கொண்டது, நமக்கென்ன. சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளக்கூடாது, பார்வையற்றவர் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, உங்கள் கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். "மாற்றுத்திறனாளி" என்ற சொல்லே பிடிக்காதவர்களும் உண்டு, அவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள், மனுவில் மட்டும் சட்டத்தின் சொல். "பாவம்" என்பதை மனசில்கூட வைத்துக்கொள்ள வேண்டாம், முகத்தில் வந்துவிடும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது பற்றி நான் சொல்லவே வேண்டாம் என்று நம்புகிறேன்.

காகிதம், தேதி, ரசீது

வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஹைகோர்ட் தேவையே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி வரவில்லை, சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டார்கள், பராமரிப்பு உதவித்தொகை நின்றுவிட்டது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம், ஆர்டிஐ என்ற தகவல் உரிமை மனு, இவற்றிலேயே பாதி முடியும். எனவே முதலில் கேட்க வேண்டியது, "எப்போ மனு கொடுத்தீங்க, ரசீது இருக்கா?" பிளாஸ்டிக் கவரில் பத்து வருஷக் காகிதம் கலந்து கிடக்கும். தரையில் பரப்பித் தேதி வாரியாக அடுக்கி ஒரு பக்கத்தில் பட்டியல் போடுங்கள், எந்தத் தேதி, யாருக்கு, என்ன கேட்டு, என்ன பதில். இன்டர்ன் செய்யக்கூடியதிலேயே பெரிய உதவி இதுதான். சீனியர் அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் வாதாடுவார். சதவீதத்தில் தகராறு என்றால் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு, நேராக ஹைகோர்ட்டில் ரிட் மனு போட ஓட வேண்டாம். ஆர்டிஐக்குப் பத்து ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், முப்பது நாள். "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், "என் மனு மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல்" என்று கேளுங்கள்.

அடுத்த படி மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். விசாரணைக்கு ஆளை வரவழைப்பது, ஆவணம் கேட்பது போன்றவற்றில் சிவில் கோர்ட் அதிகாரம் அவருக்கு உண்டு, ஆனால் கடைசியில் அவர் கொடுப்பது பரிந்துரை. அதைப் பெற்ற துறை மூன்று மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மௌனத்தையே இணைத்து ஹைகோர்ட் போகலாம், அப்போது ரிட் மனுவுக்கு நல்ல எலும்பு இருக்கும். இன்டர்ன்கள் எல்லோருக்கும் 92-ஆம் பிரிவு மீது ஒரு காதல், ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை என்றதும் கண் விரியும். பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவது, தாக்குவது போன்றவற்றுக்கானது அது. ரேம்ப் கட்டாத பேங்க் மேனேஜர் மீது அதைப் பாய்ச்ச முடியாது, என் முதல் டிராஃப்டில் நான் பாய்ச்சியிருந்தேன்.

ரேம்ப் என்றதும் ஞாபகம் வருகிறது, பையில் ஒரு அளவு டேப் வைத்துக்கொள்ளுங்கள். சரிவு 1:12 இருக்க வேண்டும், ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம். பல ஆபீஸ்களில் இரண்டு அடிப் படிக்கட்டின் மேல் நாலு அடிக்குச் சிமென்ட் பூசி மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள், சக்கர நாற்காலியில் அதில் இறங்கினால் நேரே ரோட்டுக்குத்தான். அளந்து, டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுத்து மனுவில் வையுங்கள். 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில், அணுகல் தரங்கள் வெறும் ஆலோசனையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இந்த அளவுகளுக்கு எடை கூடியிருக்கிறது.

கடைசி வாரத்தில் எல்லோரும் சர்டிபிகேட் பற்றித்தான் யோசிப்பார்கள். அதற்கு முன் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு குறிப்பு எழுதுங்கள்: இதுவரை நடந்தது, அடுத்த தேதி, யாரிடமிருந்து என்ன காகிதம் வர வேண்டும். கட்சிக்காரர்களுக்கு நீங்களே போன் செய்து, இனி யார் பேசுவார், எந்த நம்பர் என்று சொல்லுங்கள். அந்தப் பையனிடம் நான் இதைச் சொல்லவில்லை. என் சொந்த நம்பரைக் கொடுத்திருந்தேன், இன்டர்ன்ஷிப் முடிந்ததும் தேர்வுக் கெடுபிடியில் பழைய சிம்மை மாற்றிவிட்டேன். கல்லூரியிலிருந்து வந்த பதில் கடிதத்தைப் படம் எடுத்து மூன்று வாரமாக அந்தப் பழைய நம்பருக்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான், ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது அம்மாவை விட்டுவிட்டுத் தனியாக ஆட்டோ பிடித்து ஆபீஸுக்கே வந்துவிட்டான், சீனியர் அன்றைக்கே கடிதம் அனுப்பி வேலையை முடித்தார். ஆபீஸ் நம்பரைக் கொடுங்கள்.